பட்டறையில் கூட நின்றவர்களுக்கு நன்றி

பட்டறைப் பொறுப்பாளர்களுக்கும், ஒரே மேசையில் வேலை செய்த வகுப்புத் தோழர்களுக்கும், விடுதிச் சமையலறையில் எங்களுக்கும் ஓர் அடுப்பு ஒதுக்கியவர்களுக்கும் வணக்கம்.

பின்லாந்தின் எஸ்போ நகரில், ஒட்டனியெமி வளாகத்து ஆல்டோ பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு படித்து முடித்த தமிழ் மாணவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்களுக்கான நன்றியை நேரிலேயே சொல்லிவிட்டோம். ஆனால் நீங்கள் செய்தது இன்னதென்று அடுத்து அங்கே வரப்போகும் பிள்ளைகளுக்கும், அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் தெரியவேண்டும். அதனால்தான் தமிழில், எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறோம்.

வெளிநாட்டில் படித்தால் பல தேசத்து நட்பு கிடைக்கும் என்பார்கள். தானாகக் கிடைப்பதில்லை. ஒரே வகுப்பில் மெக்சிகோ, கொரியா, ஈரான், எஸ்டோனியா என்று பத்து நாட்டுப் பிள்ளைகள் இருந்தாலும், இடைவேளை வந்ததும் அவரவர் மொழிக்காரரோடு ஒதுங்கிவிடுவதுதான் இயல்பு. ஆளுக்கொரு நாட்டுப் பலகாரம் கொண்டுவரும் கலாசார மாலைகளில் அறிமுகம் கிடைக்கும். பலகாரம் தீர்ந்ததும் அந்தப் பேச்சும் தீர்ந்துவிடும். எங்களுக்கு நிலைத்த நட்பெல்லாம் இரண்டு பேர் இல்லாமல் முடியாத வேலைகளில் பிறந்தது. அந்த வேலைகளை எங்களுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி பீங்கான் பட்டறைக்கு.

களிமண் கூழை ஊற்றினால் அதன் தண்ணீரை இழுத்துப் பாண்டமாக்கும் பிளாஸ்டர் அச்சு எடுக்கக் கற்றுத்தரும்போது ஒரே மொழி பேசுகிறவர்களைப் பிரித்து, முகம் மட்டும் தெரிந்த ஒருவரோடு ஜோடி சேர்த்துவிட்டீர்கள். அது எவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு என்பது வேலையில் இறங்கினால்தான் விளங்கும். அச்செடுக்க வேண்டிய மூல உருவத்தைச் சுற்றி நான்கு பலகைகளை நிறுத்தி, கிளாம்ப் இறுக்கி, இடுக்குகளைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். உருவத்துக்கும் பலகைக்கும் நடுவே நான்கு சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். அதைவிடக் குறைந்தால் அச்சுச் சுவர் மெலிந்து, இரண்டாவது வார்ப்பிலேயே ஊறிப்போய்த் தண்ணீர் இழுப்பதை நிறுத்திவிடும். இடுக்கை ஒழுங்காக அடைக்காவிட்டால் ஊற்றும்போது பிளாஸ்டர் மேசையில் ஓடும். ஒருவர் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டே கசியும் இடத்தில் களிமண் உருண்டையை அமுக்க வேண்டும், மற்றவர் ஊற்றுவதை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கலவைக்கு நூறு பங்கு பிளாஸ்டருக்கு எழுபது பங்கு தண்ணீர், எடைக் கணக்கில். ஒரு லிட்டர் கலவை வேண்டுமென்றால் சுமார் 650 கிராம் தண்ணீரும் 930 கிராம் பிளாஸ்டரும். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவ வேண்டும். பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். தூவி முடித்ததும் கை வைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, அதன்பிறகு குமிழி கிளம்பாமல் வாளியின் அடியில் கையை வைத்து இரண்டு மூன்று நிமிடம் கலக்க வேண்டும். பாலேடு பதத்துக்கு வந்ததும் ஊற்றியாக வேண்டும். அந்தப் பதம் சில நிமிடந்தான் நிற்கும். "இப்போது ஊற்றலாமா?" என்று எதிரே நிற்பவரைக் கேட்கவும், அவர் கண்ணை நம்பவும் அந்த அவகாசம் கட்டாயப்படுத்திவிடும். இருவருக்கும் ஆங்கிலம் திக்கினாலும் கலவையின் பதத்தைப் பார்த்து ஒரு தலையசைப்பு போதும். (எங்கள் பக்கவாட்டுத் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று பிறருக்குப் புரியாது. வருகிறவர்கள் பட்டறையில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டப் பழகிக்கொள்ளுங்கள்.)

அச்சை இரண்டு பாதிகளாக எடுப்போம். முதல் பாதி இறுகியதும் அதன் விளிம்பில் அரைவட்டக் குழிகள் இரண்டு மூன்று தோண்ட வேண்டும். இரண்டாம் பாதி ஊற்றும்போது அதில் புடைப்புகள் அமைந்து, இரு பாதிகளும் வழுக்காமல் கவ்விக்கொள்ளும். அதற்கு முன் விளிம்பு முழுக்க சோப்புக் கரைசலை மூன்று நான்கு முறை பூசித் துடைக்க வேண்டும். ஓரிடம் விட்டுப்போனாலும் பிளாஸ்டரும் பிளாஸ்டரும் ஒன்றாகிவிடும்; பிறகு உளியும் சுத்தியலுந்தான். ஒருவர் பூசிய இடத்தை மற்றவர் வெளிச்சத்தில் சாய்த்துச் சரிபார்க்கும் வழக்கத்தை நீங்கள் வைத்ததால், அடுத்தவர் வேலையில் குறை சொல்வது தப்பில்லை என்ற எண்ணமும் மெல்ல மெல்ல வந்தது. மரியாதைக்கு அஞ்சி வாய் திறக்காதவர்கள் எங்கள் பக்கம் மட்டுமல்ல, ஜப்பானிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்தவர்களிலும் இருந்தார்கள். "இங்கே சோப்பு படவில்லை" என்று விரலால் காட்டுவதில் தொடங்கியது எங்கள் எல்லாருடைய வெளிப்படையான பேச்சும்.

காய்ந்த அச்சில் களிமண் கூழ் வார்ப்பது அடுத்த பாடம். அச்சை நாற்பது, நாற்பத்தைந்து டிகிரிச் சூட்டில் சில நாள் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் பிளாஸ்டர் மாவாக உதிரும். கூழ் ஒரு லிட்டர் எடை போட்டால் 1750 முதல் 1800 கிராம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் தண்ணீர் அதிகம் என்று பொருள். அச்சு சீக்கிரம் ஊறும், பாண்டம் கூடுதலாகச் சுருங்கி வெடிக்கும். தண்ணீரைக் கூட்டாமலே கூழை ஓடவைக்கச் சோடியம் சிலிகேட் சில துளிகள் சேர்ப்பார்கள். அது மிஞ்சினால் வார்ப்பு அச்சோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது விளிம்பு பிய்ந்துவரும். ஊற்றுவது ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய மட்டத்தில் ஒரு வளையக் கோடு விழும், சுட்ட பிறகும் மறையாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் சுவர் கட்டியதும் மீதிக் கூழைக் கவிழ்க்க வேண்டும். இரண்டு லிட்டர் கூஜாவின் அச்சு கூழோடு சேர்ந்து பத்துக் கிலோவைத் தாண்டும். அதை இருவர் தூக்கி, ஒரே கோணத்தில், ஒரே வேகத்தில் சாய்க்க வேண்டும். படக்கென்று கவிழ்த்தால் காற்று புக வழியில்லாமல் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஈரச்சுவர் உள்நோக்கி இழுபட்டுச் சரிந்துவிடும். எதிர்ப்பக்கம் பிடித்திருப்பவரின் மூச்சு வேகத்துக்கு நம் கை இணங்கினால் மட்டுமே அது சரியாக வரும். அப்படிச் சில கூஜாக்களை ஒன்றாகக் கவிழ்த்தவர்கள் அந்நியராக இருக்க முடியாது.

சூளைக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். சூளை பொதுச்சொத்து, ஒரே தட்டில் நாலைந்து பேரின் பாண்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றோடும் பெயர், மண்ணின் வகை, சுடும் வெப்பம் எழுதிய சீட்டு. 1050 டிகிரிக்கான செம்மண்ணைத் தவறுதலாக 1250 டிகிரிச் சூட்டில் வைத்தால் அது உருகி வழிந்து தட்டைக் கெடுக்கும், பக்கத்திலிருப்பவரின் பல வார உழைப்பையும் ஒட்டிப்பிடித்துக்கொள்ளும். பாண்டத்தின் அடியில் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குக் கிளேஸ் எனப்படும் பளபளப்புப் பூச்சைத் துடைக்காமல் வைத்தாலும் அதே கதிதான். ஆகவே சூளை அடுக்கும் நாளில், மொழி தெரியாதவரின் சீட்டையும் நாம் இரண்டு முறை வாசிக்கிறோம், நம் பாண்டத்தின் அடியை அவர் தடவிப் பார்க்கிறார். சூளை 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை யாரும் மூடியைத் திறக்கக் கூடாது, எவ்வளவு ஆசை இருந்தாலும். குளிர்காற்று பட்டால் பாண்டம் கணீரென்று விரிசல் விடும். அந்தக் காத்திருப்பிலும் சேர்ந்தேதான் இருப்போம். பீங்கான் பன்னிரண்டு முதல் பதினாறு விழுக்காடு வரை சுருங்கும் என்பதால், எல்லாருடைய பாண்டமும் போனதைவிடச் சிறிதாகத்தான் திரும்பும். அதைப் பார்க்கும் முகங்களில் நாட்டு வித்தியாசம் கிடையாது.

சுத்தம் செய்வதைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் நின்றீர்களே, அதற்கும் நன்றி. பிளாஸ்டர் வாளியைத் தொட்டியில் கழுவக் கூடாது, குழாய்க்குள் இறுகிவிடும். தண்ணீர் வாளியில் கழுவி, வண்டல் தங்கியபின் அதைக் குப்பையில் போட வேண்டும். பிளாஸ்டர் துணுக்கு களிமண்ணில் கலந்தால் சுட்ட பாண்டத்தில் பின்னர் ஈரம் இழுத்து மேற்பரப்பைத் தெறிக்கவைக்கும். ஆகவே இரண்டுக்கும் வேறு வேறு மேசை. உலர்ந்த தூசியைப் பெருக்கக் கூடாது, அதிலுள்ள சிலிக்கா என்ற நுண்தூள் நுரையீரலில் தங்கும். ஈரப்பஞ்சால் துடைக்க வேண்டும். வீட்டில் துடைப்பம் தொடாமல் வளர்ந்தவர்கள் எங்களில் உண்டு, பிற நாட்டவரிலும் உண்டு. பேராசிரியரும் அதே பஞ்சோடு மண்டியிடும் பட்டறையில் அந்தப் பழக்கம் ஒரு வாரங்கூட நிலைக்கவில்லை. அவரைப் பெயர் சொல்லி அழைக்கும் கூச்சமும் அங்கேதான் தீர்ந்தது.

அடுத்த நன்றி குழுவேலையைக் கற்றுத்தந்த ஆசிரியர்களுக்கு. பின்லாந்தில் படிப்பை அளக்கும் அலகான ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய 27 மணிநேர வேலை. முதுகலைக்கு 120 கிரெடிட். அதில் பெரும்பங்கு குழுவில் கழிகிறது. ஐந்து நாட்டவர் உள்ள குழு எங்கே உடையும் என்று நீங்கள் முன்பே அறிந்திருந்தீர்கள். ஆங்கிலம் சரளமாக வருகிறவர் கூட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். நல்ல யோசனை உள்ளவர் வாக்கியம் அமைப்பதற்குள் முடிவு எடுக்கப்பட்டுவிடும். அதற்கு மருந்தாக முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, எல்லாரும் ஒரே அளவுத் தாளில், ஒரே தடிமன் பேனாவில் வரைந்து சுவரில் குத்த வேண்டும், பெயர் எழுதக் கூடாது என்றீர்கள். யாருடையது என்று தெரியாத ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது கூச்சமும் ஆதிக்கமும் ஒருசேரக் குறைகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மிகச் சின்ன ஏற்பாடாகத் தெரியும். எங்கள் கணிப்பில், பாடத்திட்டத்தின் வேறு எந்தப் பகுதியையும்விட நட்புக்கு அதிகம் செய்தது இதுதான்.

கெடு விஷயத்திலும் அப்படியே. "முடித்துவிடலாம்" என்று நம்மவர் சொல்வது பல வேளைகளில் முயற்சி செய்கிறேன் என்ற அளவில்தான். பின்னிஷ் தோழர் அதை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டு தன் வாரத்தைத் திட்டமிடுவார். அந்த இடைவெளியில் உடைந்த குழுக்கள் நிறைய. முதல் கூட்டத்திலேயே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொன்னீர்கள்: யார் எதை, எந்த நாளில், எந்தக் கோப்பு வடிவில் கொடுப்பது, தாமதமானால் எத்தனை மணிநேரம் முன்பு சொல்வது, வேலைச் செய்தி இரவில் எத்தனை மணிவரை அனுப்பலாம். கோபம் வருமுன் எழுதப்பட்ட அந்த ஒரு தாள், வந்தபின் பேசும் பத்துப் பேச்சுக்குச் சமம்.

வகுப்புத் தோழர்களே, செய்த பொருளை வைத்துக் கருத்துக் கேட்கும் விமர்சன அமர்வுகளில் உங்கள் மௌனத்தைப் பழகிக்கொள்ள எங்களுக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது. ஒரு கேள்விக்குப் பிறகு ஐந்தாறு விநாடி அமைதியாக இருந்தால் நம் வீடுகளில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பொருள். உங்களுக்கு அது யோசிக்கும் நேரம். அந்த அமைதியை நிரப்ப அவசரப்படாமல் இருந்தவர்களுக்கு, நீங்கள் சொன்ன பதில்கள் மிக நேர்மையாகக் கிடைத்தன. "பிடியில் விரல் நுழையவில்லை", "இதை இடதுகைக்காரர் எப்படி ஊற்றுவார்" என்று பொருளைப் பற்றி மட்டும் பேசினீர்கள், செய்தவரைப் பற்றிப் பேசவேயில்லை. அமர்வு முடிந்ததும் பதினொரு மணிக்கே மதிய உணவுக்கு ஒன்றாகக் கூட்டிப்போனீர்கள். மாணவர் அட்டை காட்டினால் மானிய விலையில் கிடைக்கும் அந்தச் சாப்பாட்டு மேசையில், காலையில் கடுமையாகப் பேசியவரே தன் தட்டின் கம்பு ரொட்டியை நகர்த்திவைப்பார்.

விடுதித் தோழர்களுக்கு எழுத நிறைய உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும் பழக்கம் உங்களுக்கும் எங்களுக்கும் பொது என்பதே முதல் நிம்மதி. சமையலறையில் தொட்டிக்கு மேலே இருக்கும் தட்டு உலர்த்தும் அலமாரியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அடிப்பலகை இல்லாமல் கம்பித் தட்டுகள் மட்டும் பொருத்திய அலமாரி. கழுவிய பாத்திரத்தை ஈரத்தோடு உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தினால் தண்ணீர் நேராகத் தொட்டியில் சொட்டும். 1940களில் மாய்யு கெப்ஹார்ட் என்ற பின்னிஷ் பெண்மணி, பாத்திரம் துடைப்பதில் இல்லத்தரசிகளின் நேரம் எவ்வளவு வீணாகிறது என்று பார்த்து உருவாக்கியது. ஆறேழு பேர் பகிரும் சமையலறையில் "யார் துடைத்து வைப்பது" என்ற சண்டையே எழாமல் பார்த்துக்கொள்கிறது. நல்ல வடிவமைப்பு மனிதர்களுக்கு நடுவே என்ன செய்யும் என்று வகுப்பில் படித்ததை நாள்தோறும் கண்ணால் பார்த்த இடம் அது.

எங்கள் தாளிப்பைப் பொறுத்துக்கொண்டதற்கும் நன்றி. வரப்போகிறவர்களுக்கு: எண்ணெய் புகையும்வரை விட்டால் புகை எச்சரிக்கை மணி அடிக்கும். உறிஞ்சு விசிறியை முதலில் போடுங்கள், மிதமான சூட்டில் மூடி வைத்துக் கடுகை வெடிக்கவிடுங்கள், வற்றல் மிளகாயை அடுப்பை அணைத்தபின் போடுங்கள். கண்ணாடி மேற்பரப்பு மின்னடுப்பு அணைத்த பிறகும் சூட்டை வைத்திருக்கும், அந்தச் சூடே மிளகாய்க்குப் போதும். என்றைக்கு மசாலா அரைத்துக் கொதிக்கவைக்கப் போகிறீர்கள் என்பதை முதல்நாளே பொதுப் பலகையில் எழுதிவிட்டால், அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்த வேண்டியவர்கள் தட்டோடு வந்து நிற்பார்கள்.

டிசம்பர் நடுவில் ஹெல்சின்கிப் பக்கம் பகல்வெளிச்சம் ஆறு மணிநேரத்துக்கும் குறைவு. அந்த மாதங்களில் நட்பு தானாக வீடு தேடி வராது. அங்கே யாரும் சொல்லாமல் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். "ஒருநாள் சந்திப்போம்" என்றால் சந்திப்பே நடக்காது, "வியாழன் ஆறு மணி" என்றால் மணி அடிக்கும்போது வாசலில் நிற்பார்கள். இதை எங்களுக்கு எடுத்துச்சொன்ன மூத்த மாணவர்கள், ஊர் திரும்பும்போது தங்கள் பனிக்காலணி, மேலங்கி, மிதிவண்டி விளக்குகள், மாடல் செய்யும் கத்திகள் எல்லாவற்றையும் அடுத்தவர்களுக்கு விட்டுச்சென்றார்கள். சௌனா எனப்படும் பின்னிஷ் நீராவிக் குளியலுக்கு அழைத்தவர்களும் உண்டு. அந்த அழைப்பு நம்பிக்கையின் அடையாளம். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றுமுன் உள்ளே இருப்பவர்களைக் கேட்க வேண்டும், கீழ்ப்படியில் உட்கார்ந்து தொடங்கலாம், தாங்காவிட்டால் எழுந்து வெளியே போவதில் எந்த வெட்கமும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னீர்கள்.

எங்களுக்கு முன்னால் நடந்தவர்களையும் இந்த மடலில் வணங்குகிறோம். 1968 ஜூலையில் ஹெல்சின்கிக்கு எதிரே உள்ள சுவோமென்லின்னா தீவில் நோர்டிக் எனப்படும் வட ஐரோப்பிய நாடுகளின் வடிவமைப்பு மாணவர்கள் தாங்களே ஒரு கருத்தரங்கைக் கூட்டினார்கள். புகழ்பெற்ற வடிவமைப்புச் சிந்தனையாளர்களான பக்மின்ஸ்டர் ஃபுல்லரும் விக்டர் பாபனெக்கும் வந்தார்கள். மூளைவாதம் உள்ள குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடு ஒன்றை மாணவர்கள் அங்கே குழுவாகச் செய்தார்கள். வேறு வேறு நாட்டு மாணவர்களை ஒரு வேலையின் முன் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அது பழைய சான்று. எதிர்த்திசையிலும் ஒரு கடன் உண்டு. 1961இல் தொடங்கிய அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நெசவுத் துறையை வளர்த்தவர் ஹெலெனா பெர்ஹேன்துபா என்ற பின்னிஷ் நெசவாளர். 1960களின் இறுதியில் வந்து, பல்லாண்டு தங்கி, இந்தியக் கைத்தறியோடு ஒட்டிய பாடத்திட்டத்தை அமைத்தார். அவரிடம் கற்றவர்களிடம் கற்றவர்கள் வழியாக எங்களில் சிலருக்கும் அவருடைய தறிப்பாடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இனி அங்கே போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. மாடல் செய்யும் கருவிகளை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். முப்பது சென்டிமீட்டர் எஃகு அளவுகோல், நல்ல கத்தரி, பட்டறை வேலைக்கான மேலாடை, பொருத்தமாக உட்காரும் தூசி முகமூடி போதும். மற்றதைப் பட்டறையிலும் கிர்ப்புதோரி எனப்படும் பழையபொருள் சந்தையிலும் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பட்டறைக்கும் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் இயந்திரத்தைத் தொட விடமாட்டார்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். பருவம் தொடங்கும் வாரத்திலேயே பெயர் கொடுங்கள். பயிற்சிக்குப் போகும்போது உங்கள் ஊர்க்காரர் பக்கத்தில் நிற்காதீர்கள்.

பட்டறைப் பொறுப்பாளர்களே, எங்கள் அச்சுகளில் நல்ல நிலையில் உள்ளவற்றைக் காயவைத்து, பாதிகளைச் சேர்த்து ரப்பர் பட்டை போட்டு, மண்ணின் வகையும் வார்ப்பு நேரமும் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறோம். கூஜா அச்சின் இடப்பாதியில் ஒரு கவ்வு முனை தேய்ந்திருக்கிறது, இறுக்கிக் கட்டினால் கசியாது. வேண்டியவர் எடுத்துப் பயன்படுத்தட்டும்.

மிக்க நன்றியுடன்,
ஒட்டனியெமியில் வடிவமைப்பு படித்த தமிழ் மாணவர்கள்